நாற்காலி வட்டச் செயலாளர்

கட்சிக்கு வட்டச் செயலாளர் உண்டு, உங்களுக்குத் தெரியும். வார்டில் குழாய் உடைந்தால் அவர் வீட்டுக் கதவைத் தட்டலாம், திட்டலாம், அடுத்த தேர்தலில் பழி தீர்த்துக்கொள்ளலாம். நான் சொல்லப்போவது வேறொரு வட்டச் செயலாளரைப் பற்றி. இவருக்குக் கட்சி கிடையாது, வார்டு கிடையாது, தேர்தலும் கிடையாது. இவருடைய வட்டம் நாற்காலிகளால் ஆனது. எங்காவது பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தால் இவருக்குக் கை துறுதுறுக்கும். அவற்றை இழுத்து வட்டமாகப் போட்டு, நடுவில் பித்தளை உருளி வைத்து, அதில் தண்ணீர் ஊற்றி, நாலு செம்பருத்தியை மிதக்கவிட்டு, சுற்றிலும் இளைஞர்களை உட்காரவைத்து, "நீங்கதான் மாற்றத்தோட தலைவர்கள்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால்தான் அன்றைக்குச் சோறு இறங்கும்.

தாம்பரத்துக்குத் தெற்கே இந்த இனம் இப்போது செழித்து வளர்கிறது. அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். கைத்தறிக் குர்தா, கவனமாகக் கவனிக்காமல் விட்ட தாடி, கழுத்தில் தன் பெயரையே தொங்கவிட்ட பட்டை, தோளில் போன சங்கமத்தில் (இந்தக் கூட்டங்களுக்கு அவர் வைத்த பெயர்) கொடுத்த துணிப்பை, அந்தப் பைக்குள் அதற்கு முந்தைய சங்கமத்தில் கொடுத்த துணிப்பை. கை தட்ட மாட்டார், சத்தம் யாரையாவது புண்படுத்திவிடுமாம், விரலைச் சொடுக்குவார். நீங்கள் என்ன சொன்னாலும் "அழகு" என்பார். அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது என்று சொல்லிப் பாருங்கள், "ரொம்ப அழகான பகிர்தல்" என்பார். பதில் தெரியாத கேள்வி வந்தால் கண்ணை மூடி, "இந்தக் கேள்வியோட கொஞ்சம் உட்காருவோம்" என்பார். அப்படி எத்தனையோ கேள்விகளோடு உட்கார்ந்திருக்கிறார். குர்தாவின் பின்பக்கம் நைந்ததைத் தவிர வேறு ஒன்றும் நடந்ததாகத் தெரியவில்லை.

இந்த இனத்தில் முதல் தரமான உருப்படி எங்கள் சிட்டிபாபு.

சிட்டிபாபுவின் தாத்தா முடிச்சூரில் நெல் விளைவித்தார். அப்பா அதே நிலத்தில் மனைகளை விளைவித்தார். சிட்டிபாபு தலைவர்களை விளைவிக்கிறார். ராஜகீழ்ப்பாக்கத்தில் அப்பா கட்டிவைத்த மூன்றடுக்கு வீட்டின் வாடகை மாதா மாதம் வந்துவிடுகிறது. ஆகவே கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை உதறிவிட்டார். "நான் அந்தக் கூண்டைத் திறந்து வெளியே வந்தேன்" என்று மேடையில் சொல்வார். கூண்டுக்காரர்கள்தான் திறந்துவிட்டார்கள் என்று கேள்வி. போகட்டும்.

ஒன்றை மட்டும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் முடிச்சூரில் படகு ஓடியபோது சிட்டிபாபு நிஜமாகவே வேலை செய்தார். மார்பளவு தண்ணீரில் பால் பாக்கெட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். ஒரு நோயாளியை நாற்காலியோடு தூக்கிவந்தார். அப்போது யாரும் அவரைப் பாராட்டவில்லை. பால் வாங்கியவர்கள் பிஸ்கட் இல்லையா என்று கேட்டார்கள். தண்ணீர் வடிந்த பிறகு, நகரத்தில் ஏதோ ஒரு குளிர்சாதன அரங்கில் அதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். பேசினார். அரங்கமே அழுதது. அன்றோடு மனிதர் கெட்டார். பால் தூக்குவதைவிடப் பால் தூக்கிய கதையைத் தூக்குவது எவ்வளவு லேசு என்று தெரிந்துபோயிற்று.

அதிலிருந்து வருஷத்துக்கு நாலைந்து சங்கமம். இளம் மாற்றத் தலைவர்களை ஒருவரோடு ஒருவர் இணைக்கிறார். இணைந்தவர்கள் என்ன செய்கிறார்கள்? அடுத்த சங்கமத்தில் மறுபடி இணைகிறார்கள். நடுவில் ஒரு வாட்ஸப் குழு உண்டு. அதில் காலையில் சூரியன் வரும், மாலையில் வேலைவாய்ப்பு வரும்.

இந்தத் தடவை சங்கமம் அக்டோபர் மாதத்து ஒரு சனி, ஞாயிறு. வண்டலூர் மிருகக்காட்சிசாலைக்குப் பின்பக்கம் ஒரு தோப்பு வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். காலையில் சிங்கம் உறுமுவது கேட்டது. "அது வெளிய இல்ல, நமக்குள்ள இருக்கு" என்றார் சிட்டிபாபு. எல்லோரும் விரலைச் சொடுக்கினார்கள். மதியச் சாப்பாடு மட்டன் பிரியாணி, தாய்மாமா தயாளனின் உபயம். தயாளன் முடிச்சூர் பக்கம் மனை போட்டு விற்கிறவர், சொந்தமாக டிப்பர் லாரிகள் வைத்திருப்பவர். "நம்ம அக்கா மவன் ஏதோ நல்லது பண்ணிகினு கீறான், சோறாவது போடுவோம்" என்று ஒவ்வொரு சங்கமத்துக்கும் தேக்சா நிறையப் பிரியாணி இறக்கிவிடுவார். அவருக்கு மாற்றமும் தெரியாது, தலைவர்களும் தெரியாது. சீரக சம்பா அரிசி தெரியும்.

முதல் நிகழ்ச்சி அறிமுகம். பெயரைச் சொல்ல வேண்டும், பிடித்த நீர்நிலையைச் சொல்ல வேண்டும், இப்போது மனசு எந்த நிறத்தில் இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். காவிரி, நீலம். வைகை, மஞ்சள். அடையாறிலிருந்து வந்திருந்த சின்மயி என்ற பெண் "என் கண்ணீர், ஊதா" என்றாள். சிட்டிபாபுவுக்கு ரோமம் சிலிர்த்தது. இந்தத் தடவை நல்ல கூட்டம். மதியத்துக்குள் நாலு பேராவது அழுதுவிடுவார்கள்.

அடுத்தது யூனிஸ். முடிச்சூர் பவளமல்லி நகர்க்காரி. தாம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அவளும் சங்கமத்துக்குப் புதியவள் அல்ல. அவள் அம்மா ரோஸி வீட்டில் வெங்காயத்துக்கு ஒன்று, பூண்டுக்கு ஒன்று என்று துணிப்பைகளைத் தொங்கவிட்டிருக்கிறாள். பொய் சொல்வானேன், யூனிஸுக்கும் சங்கமம் பிடிக்கும். "நீ எப்படி இருக்கே?" என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை முகத்தைப் பார்க்கிறவர்களை அவள் வேறெங்கும் கண்டதில்லை. ஆனால் அன்றைக்கு அவள் வந்ததிலிருந்து கையிலிருந்த போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.

"என் பேரு யூனிஸ். பிடிச்ச நீர்நிலைன்னு எதுவும் இல்ல. எங்க தெருவுக்குப் பின்னாடி ஒரு கால்வாய் இருக்கு. ஏரித் தண்ணி, மழைத் தண்ணி எல்லாம் அதுலதான் போவும். காலையிலருந்து அதுல லாரி லாரியா கட்டட இடிபாடு கொட்டி மூடுறாங்க. அம்மா போன் மேல போன். இன்னைக்கு நாளைக்கு ஆபீஸ் எல்லாம் லீவு. திங்கக்கிழமைக்குள்ள சமன் பண்ணி சுவரு எழுப்பிடுவாங்க. மழை வேற வந்துட்டே இருக்கு."

மூச்சு வாங்கினாள். பிறகு, சங்கமங்களின் வரலாற்றிலேயே யாரும் செய்யாத அநாகரிகம் ஒன்றைச் செய்தாள். உதவி கேட்டாள்.

"இங்க இத்தனை பேர் இருக்கோம். எல்லாரும் கிளம்பி வந்து நின்னா போதும். ஒண்ணும் பண்ண வேணாம், சும்மா நின்னா போதும். கூட்டத்தைப் பாத்தா லாரி திரும்பிடும். இங்கருந்து ஷேர் ஆட்டோ தூரம்தான். வர்றீங்களா?"

அறையில் ஒரு சங்கடம் பரவியது. உருளித் தண்ணீரை எல்லோரும் உற்றுப் பார்த்தார்கள். ஒருத்தன் தன் செருப்பு எங்கே கிடக்கிறது என்று வாசல் பக்கம் பார்த்தான். சிட்டிபாபு கொஞ்சம் தாமதித்திருந்தால் எழுந்தே இருப்பான்.

சிட்டிபாபு தாமதிக்கவில்லை. "அழகு யூனிஸ்" என்றார். "ரொம்ப பவர்ஃபுல். எவ்வளவு வலி இருந்தா இந்தக் கோபம் வரும்! எல்லாரும் கண்ணை மூடுங்க. அந்தக் கோபத்தை நாம தாங்கிப் பிடிப்போம்."

"என் உடம்புல தெரியுது அந்தக் கோபம்" என்றாள் சின்மயி, தோள்பட்டையைத் தொட்டுக் காட்டி. "இங்க."

"அண்ணா, கண்ணை மூடுறதுக்குள்ள ரெண்டு லோடு கொட்டிடுவாங்க" என்றாள் யூனிஸ். "இதோ, அம்மா வீடியோ அனுப்பியிருக்காங்க. பச்சை டிப்பர். முன்னாடி மயில் படம் போட்டது."

சிட்டிபாபுவுக்கு அந்த லாரி தெரியும். மயில் படம் போட்ட பச்சை டிப்பர் முடிச்சூரில் ஒரே ஒருவரிடம்தான் உண்டு. மாமா தயாளன் முருக பக்தர். இரண்டு நாள் முன்புதான் மாமா வீட்டில் சாப்பிட்டபோது, "கால்வா ஓரம் ஒரு துண்டு கீது மாப்ள, மழைக்குள்ள சமன் பண்ணி வுட்டுடணும்" என்று அவர் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னார். எந்தக் கால்வாய், யார் துண்டு என்று சிட்டிபாபு கேட்கவில்லை. முன்பின் தெரியாதவர்களிடம் நாள் முழுக்கக் கேள்வி கேட்கிற மனிதர், சொந்தக்காரர்களிடம் ஒன்றுகூடக் கேட்பதில்லை.

இப்போது அவர் என்ன செய்திருக்கலாம்? போனை எடுத்து, "மாமா, நிறுத்துங்க" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாமா கேட்டிருப்பாரோ மாட்டாரோ, அது வேறு விஷயம். அல்லது வட்டத்தைப் பார்த்து, "அது என் மாமா லாரி" என்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். இந்த ஆறு வார்த்தையும் அவர் தொண்டைக்கு வரவே இல்லை. வந்ததெல்லாம் வேறு. தான் நடுநிலையானவர், ஒரு பக்கம் சாயக் கூடாது. உணர்ச்சிவசப்பட்டு ஓடினால் ஆழமான வேலை கெட்டுப்போகும். இந்தப் பிள்ளைகளின் பாதுகாப்புக்குத் தானே பொறுப்பு. ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன. பொய் சொல்கிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நல்ல குர்தா போட்ட மனசாட்சிக்கு அப்படித் தோன்றாது.

சுவரில் ஒரு பெரிய சார்ட் தாள் ஒட்டியிருந்தது. தலைப்பு: பார்க்கிங். நிகழ்ச்சிக்குச் சம்பந்தமில்லாத கேள்விகளை அதில் எழுதி நிறுத்திவைப்பது வழக்கம். சிட்டிபாபு எழுந்து போய், பச்சை மார்க்கரால் 'கால்வாய்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு சின்ன அலையும் வரைந்தார்.

"நாளைக்கு சாயங்காலம் இதுக்கு ஒரு தனி அமர்வே ஒதுக்குறோம்" என்றார்.

யூனிஸ் அந்த அலையைச் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டாள்.

"நாளைக்கு சாயங்காலம் கால்வாய் இருக்காதுண்ணா" என்றாள். "நான் கிளம்புறேன். யாராவது வர்றீங்களா?"

யாரும் எழவில்லை. எழுந்தால் வட்டம் உடையும் என்று காலையில்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவள் தனியாகப் போனாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த இனத்தின் உச்சம். சிட்டிபாபு எல்லோருக்கும் மஞ்சள் ஒட்டுச்சீட்டுகளைக் கொடுத்தார். "யூனிஸுக்கு நாம என்ன சொல்ல விரும்புறோம்?" என்றார். மெல்லிய இசை போட்டார்கள். எல்லோரும் குனிந்து எழுதி, ஒவ்வொருவராக எழுந்து போய் (இதற்கு எழுந்தார்கள்) அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியில் ஒட்டினார்கள். "நீ தனியாக இல்லை." "நாங்கள் உன்னோடு நிற்கிறோம்." "சகோதரி, உன் நதி என் நதி." சின்மயி ஒட்டும்போது விசும்பினாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் விசும்பினார்கள். பிளாஸ்டிக் நாற்காலி முழுக்க மஞ்சளாகிவிட்டது. அதைப் படம் எடுத்துக் குழுவில் போட்டார்கள். யூனிஸின் போனுக்கும் போயிருக்கும். ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவளுக்கு எடுத்துப் பார்க்கக் கை இருந்ததா என்று தெரியவில்லை.

பிரியாணி திறந்த நேரத்தில் சிட்டிபாபுவின் போன் அடித்தது. மாமா.

"மாப்ள, இன்னாடா இது பேஜாரு? ஒரு பொண்ணு லாரிக்கு முன்னாடி சேர் போட்டுக் குந்திகினு கீது. கழுத்துல உன் கூட்டத்துப் பட்டை. தெருப் பொம்பளைங்கல்லாம் சேந்துகினாங்க. டிரைவர் இறங்கி டீ குடிக்கப் பூட்டான். நீ வந்து பேசி இட்டுகினு போ. உன் பேச்சக் கேக்கும்ல?"

சிட்டிபாபு ஓர் உருண்டை சோற்றோடு எழுந்தார். அவருக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் காரில் ஏறி வெளிவட்டச் சாலைக்கு வந்ததும் பயம் மெல்ல வேறு நிறமாயிற்று. இது ஒரு மோதல். மோதலுக்குத் தேவை ஒருவர், இரண்டு பக்கத்தையும் கேட்கிற ஒருவர். முடிச்சூர் போய்ச் சேர்வதற்குள் அவர் தன்னை மன்னித்து, பாராட்டி, கிட்டத்தட்ட மாலையும் போட்டுக்கொண்டார்.

பவளமல்லி நகரின் பின்பக்கம் கால்வாய் பாதிக்கு மேல் மூடியிருந்தது. உடைந்த செங்கல், டைல்ஸ் துண்டு, கம்பி நீட்டிய கான்கிரீட். அதன் விளிம்பில் பச்சை டிப்பர். அதற்கு முன் யூனிஸ். சுற்றிலும் தெருப் பெண்கள். எல்லோருக்கும் முன்னால், இடுப்பில் கை வைத்து எல்லம்மா. மீன் விற்கிற பெண். போன வெள்ளத்தில் வீட்டுச் சாமானைப் பாதிக்கு மேல் இழந்தவள். கொஞ்சம் தள்ளி, காரில் சாய்ந்தபடி தயாளன்.

சிட்டிபாபு வந்ததும் என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? சர்ச்சுக்குச் சொந்தமான நாற்காலிகள் ஒரு வீட்டு வாசலில் அடுக்கியிருந்தன. அவற்றை எடுத்து வட்டமாகப் போட்டார்.

படித்த பிள்ளை ஏதோ செய்கிறானே என்று பெண்கள் உட்கார்ந்தார்கள். மாமாவும் வந்து உட்கார்ந்தார். யூனிஸ் மட்டும் லாரியை விட்டு நகரவில்லை.

"பேசறதுக்கு முன்னாடி" என்று சிட்டிபாபு குரலைத் தாழ்த்தினார், "இப்போ நம்ம மனசுல என்ன இருக்குன்னு ஒவ்வொருத்தரும் ஒரே ஒரு வார்த்தையில சொல்லலாமா?"

"இன்னாது, ஒரு வார்த்தையா?" என்றாள் எல்லம்மா.

"ஆமாக்கா. ஒரே வார்த்தை."

"வயித்தெரிச்சல்."

"அழகு" என்றார் சிட்டிபாபு, பழக்க தோஷத்தில். "மாமா... சார், நீங்க?"

"பட்டா" என்றார் தயாளன். "எங்கைல கீது."

"கால்வாய்க்கு எவன்யா பட்டா குடுத்தான்?" என்று எல்லம்மா எகிறினாள். "வெள்ளத்துல என் மெஷினு போச்சு, பீரோ போச்சு. திரும்ப அதே தண்ணிய வூட்டுக்குள்ள வுடப் பாக்கறியா?"

"ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்றார் சிட்டிபாபு. "யார் சரி, யார் தப்புன்னு போக வேணாம். லாரி யாருது, நிலம் யாருதுங்கறதைவிட, நாம எல்லாரும் ஒரே தண்ணியோட பிள்ளைங்க..."

"லாரி யாருதுன்னு உங்களுக்குத் தெரியுமா அண்ணா?" என்று யூனிஸ் அங்கிருந்தே கேட்டாள்.

சிட்டிபாபு கண்ணை மூடினார். கேள்வியோடு உட்காரப் பார்த்தார். மாமா விடவில்லை. அவருக்கு இதில் மறைக்க என்ன இருக்கிறது?

"தெரியாம இன்னாம்மா? என் அக்கா மவன்தானே இவன். மயிலு படம் போடச் சொன்னதே இவந்தான். இன்னிக்கு நீங்கல்லாம் துன்ன வேண்டிய பிரியாணிகூட நம்மளுதுதான். நீ துன்னாம வந்துட்டியாமே?"

பெண்கள் எல்லோரும் திரும்பிச் சிட்டிபாபுவைப் பார்த்தார்கள். அவர் நேசிக்கிற மாதிரியான பார்வை அல்ல.

"காலையில நான் வீடியோ காட்டினப்பவே தெரியுமா?" யூனிஸ் கத்தவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"யூனிஸ், இது ரொம்பச் சிக்கலான விஷயம். நாம இதோட கொஞ்சம் உட்கார்ந்து..."

"நீங்க உக்காருங்க" என்றாள்.

எல்லம்மா எழுந்தாள். அவள் எழுந்ததும் மற்றவர்களும் எழுந்து லாரியைச் சுற்றிப் போய் நின்றார்கள். தயாளன்கூட வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு காருக்குப் போனார். வட்டத்தில் சிட்டிபாபு மட்டும் இருந்தார். ஒரு வீட்டுக்காரர் வந்து, "சார், சேர் நாளைக்குச் சர்ச்சுல பூசைக்கு வேணும்" என்று ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கத் தொடங்கினார். கடைசியில் சிட்டிபாபு எழுந்திருக்க வேண்டியதாயிற்று.

லாரி அன்று மாலை திரும்பிப் போனது. மறுநாள் வரவில்லை. ஆனால் கொட்டியது கொட்டியபடியே கிடந்தது. அடுத்து வந்த மழையில் தண்ணீர் மிச்சமிருந்த பாதியில் பிதுங்கிப் பிதுங்கிப் போயிற்று. போக முடியாதது தாழ்வான வீடுகளுக்குள் வந்தது. யூனிஸ் வீட்டில் ரோஸி பிரிட்ஜைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு, பைபிளையும் ரேஷன் கார்டையும் பரணில் போட்டுவிட்டு, இரவெல்லாம் வாளியும் கையுமாக இருந்தாள். எல்லம்மா வீட்டுப் படிவரை வந்த தண்ணீர் உள்ளே ஏறவில்லை. முழுக்க மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பேசுவதில்லை. தண்ணீர் வடிந்ததும் யூனிஸ் லீவு போட்டுவிட்டுப் பெண்களோடு ஆபீஸ் ஆபீஸாக ஏறினாள். விரட்டினார்கள், அலையவிட்டார்கள், மறுபடி ஏறினாள். பொங்கல் கழிந்து ஒருநாள் ஜேசிபி வந்து இடிபாட்டை அள்ளியது. முழுக்க அல்ல. தண்ணீர் போகிற அளவுக்கு.

சிட்டிபாபு என்ன ஆனார்? வெட்கப்பட்டு வீட்டோடு கிடந்தார் என்று நீங்கள் எதிர்பார்த்தால் உங்களுக்கு இந்த இனத்தைப் பற்றி இன்னும் ஒன்றும் புரியவில்லை. ஒரு வாரம் கிடந்தார், உண்மை. சாப்பாடு பிடிக்கவில்லை. யூனிஸின் குரல் காதிலேயே நின்றது. ஒருநாள் அவள் வீட்டுக்குப் போவதற்காகச் சட்டைகூட மாற்றினார். அப்போது பெங்களூரிலிருந்து அழைப்பு வந்தது: தேசிய அளவிலான சங்கமம், பொருள் 'தோல்வியைக் கொண்டாடுவோம்'.

போனார். எல்லாவற்றையும் சொன்னார். மாமாவின் லாரி, மயில், பிரியாணி, சார்ட் தாள், ஒன்றையும் விடவில்லை. "நான் தோற்றேன்" என்று சொல்லும் இடத்தில் குரல் உடைந்தது. பாவம், நிஜமாகவே உடைந்தது. அரங்கம் முழுக்க மழை பெய்கிற மாதிரி விரல்கள் சொடுக்கின. இறங்கியதும் மூன்று பேர் கட்டிப்பிடித்தார்கள். இளம் தலைவர்களுக்கு நேர்மையைக் கற்றுத்தர ஒரு வருஷப் பொறுப்பு அங்கேயே கிடைத்தது. மாமாவிடம் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கு நேரம் அமையவில்லை.

திரும்பும் வழியில் யூனிஸுக்கு ஒரு செய்தி அனுப்பினார்: "உன் கதையை ஐந்நூறு பேர் கேட்டார்கள். அடுத்த சங்கமத்தில் நீயே வந்து பேசணும்."

"கால்வாய்ல ஆகாயத்தாமரை எடுக்குறோம், ஞாயித்துக்கிழமை காலையில. வர்றீங்களா?" என்று பதில் வந்தது.

சிட்டிபாபு ஒரு சிவப்பு இதயத்தை அனுப்பினார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எனக்கும் இந்த ஆளை எழுதும்போது சிரிப்பு அடங்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். படித்துக்கொண்டே வரும்போது உங்களுக்கும் நாலு சிட்டிபாபுக்கள் நினைவுக்கு வந்திருப்பார்கள். இதை அவர்களுக்கு அனுப்ப வேண்டும் என்று கட்டைவிரல் ஊறும். யூனிஸ் மாதிரி பிள்ளைகளுக்காக மனசு கனக்கும். இரண்டு வரி எழுதி, கீழே ஒரு கைகூப்பு வைத்து, நண்பர்கள் குழுவில் போடலாம் என்று தோன்றும். தாராளமாகப் போடுங்கள். போட்டதும் நெஞ்சுக்குள் ஓர் இதம் பரவும், ஏதோ ஒன்றைச் செய்து முடித்துவிட்ட மாதிரி. பரவினால் பயப்பட வேண்டாம், டாக்டரிடம் ஓட வேண்டாம். முகவரியை மட்டும் சரியாகக் கொடுங்கள். துணிப்பை வீடு தேடி வரும்.